ஆறு கிழமை மருந்து ஏற்ற வேண்டுமாம், தம்பி வாட்டில் நிற்கிறான் இல்லை. வன்னிப் பக்கம் என்ன செய்யலாம்?

விசுவமடு_அக்கா எழுதியது:

வணக்கம். தெரிந்த ஆட்களிடம் கேட்டால் பின்னேரத்துக்குள் சந்தி முழுக்கக் கதை வந்துவிடும், அதனால்தான் இங்கே கேட்கிறேன். என் தம்பிக்கு 26 வயது. முதலில் ஹெரோயின் தூளை ஈயத்தாளில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தான், பிறகு கூட்டாளிமாரோடு சேர்ந்து ஊசிக்கு மாறிவிட்டான். இந்த முறை காய்ச்சல் விட்டுவிட்டுக் காய்ந்தது, குளிர் நடுக்கம், இருமினால் சளியோடு இரத்தம். டெங்கு என்று நினைத்துத்தான் கொண்டுபோனோம். எக்கோ என்று இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதய வால்வில் கிருமி பிடித்திருக்கிறது, ஆறு கிழமை வாட்டில் வைத்து நாளத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டும் என்று டொக்டர் சொன்னார்.

அடுத்த நாள் பின்னேரமே தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். திரும்பவும் சேர்த்தோம், அப்போதும் அதே கதைதான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத விருப்பமில்லை, நாளைக்கும் அங்கேதான் போக வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று கை முழுக்கக் குத்திப் பார்த்துவிட்டு, "உனக்குத்தானே நல்லாக் குத்தத் தெரியும், நீயே போடு" என்று ஒரு மிஸ்ஸி (தாதி) எல்லோருக்கும் முன்னால் சொன்னாராம். அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறா.

உயிர் போகும் வருத்தம் என்று தெரிந்தும் ஏன் இவன் எழும்பி வருகிறான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வீட்டில் வைத்துக் குளிசையாகக் கொடுக்க முடியாதா? உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் பொலிஸுக்கு அறிவிப்பார்களா? சரி, எப்படியோ ஆறு கிழமை முடிந்தாலும், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு இந்தப் பக்கம் யார் இவனைப் பார்ப்பது? நான் கார்மென்டில் வேலை, அம்மா தோட்டம். கந்தக்காட்டுப் புனர்வாழ்வு முகாமுக்குப் பிடித்து அனுப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை ஊரே சொல்லிவிட்டது.


இரவு_டியூட்டி எழுதியது:

அக்கா, நானும் வன்னியில் ஒரு மெடிக்கல் வாட்டில் தாதியாகத்தான் வேலை செய்கிறேன். அந்த மிஸ்ஸி சொன்னதற்கு நியாயம் சொல்ல வரவில்லை, அது பிழை.

நீங்கள் எழுதியதில் ஒரு இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்: அடுத்த நாள் பின்னேரம். அதுதான் முழு விடயமும். ஹெரோயின் பழகிய உடம்புக்குக் கடைசியாக எடுத்து ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் தாண்டினால் உடம்பு கேட்கத் தொடங்கும். கொட்டாவி, மூக்கு ஒழுகல், வியர்வை, மயிர்க்கூச்செறிதல், அதற்குப் பிறகு வயிற்றுப் பிடிப்பு, சத்தி, வயிற்றோட்டம், எலும்பெல்லாம் உளைவு, நித்திரை இல்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கும். காலையில் டொக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அவன் மாப்பிள்ளை மாதிரி இருப்பான், யாருக்கும் சந்தேகம் வராது. பின்னேரம் அவனுக்கு உயிர் போகும், அப்போது ஒரு டொக்டர் இரண்டு மூன்று வாட்டைப் பார்த்துக்கொண்டு ஓடித் திரிவார். அவன் வெளியே போனால் அரை மணித்தியாலத்தில் அந்த வேதனை நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். இதய வால்வு அவனுக்கு இப்போது வலிக்கவில்லை, வயிறும் எலும்பும்தான் வலிக்கிறது. இதைத் திமிர் என்று எங்கள் ஆட்கள் எழுதுவார்கள், கட்டில் தலைமாட்டுத் துண்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று போடுவார்கள். சிகிச்சை கொடுக்காமல் விட்ட ஒரு வருத்தத்தை நோயாளியின் குணமாக எழுதுவது என்றுதான் நான் அதைச் சொல்வேன்.

ஆகவே அடுத்த முறை சேர்க்கும்போதே, அனுமதிக்கிற டொக்டரிடம் நேரே சொல்லுங்கள்: என்ன எடுக்கிறான், ஒரு நாளைக்கு எத்தனை தரம், கடைசியாக எத்தனை மணிக்கு. கூடவே நித்திரைக் குளிசை, பிரிகாபலின் மாதிரி ஏதும் எடுக்கிறானா, குடிக்கிறானா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குடியையும் சில நித்திரைக் குளிசைகளையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அது ஹெரோயின் நிறுத்துவதைவிட ஆபத்து. பிறகு, "இவனுக்கு உடம்பு கேட்கிறதற்கும் மருந்து எழுதுங்கோ, மனநல டொக்டரையும் வரச் சொல்லிக் கேளுங்கோ" என்று சொல்லுங்கள். நோயாளியின் ஆட்கள் இப்படிக் கேட்பது உரிமை மீறல் இல்லை.

என்ன மருந்து என்றால், மெதடோனும் புப்ரெநோர்ஃபினும்தான் இதற்குச் சரியானவை. 2005 இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன, ஆனால் எங்கள் வாட்டு அலுமாரியில் இல்லை. இல்லாத இடத்தில் வலிக்கு, சத்திக்கு, வயிற்றோட்டத்துக்கு, நித்திரைக்கு என்று தனித்தனியாகக் கொடுத்துச் சமாளிக்கலாம், வேதனை முழுக்கப் போகாது, ஆனால் முதல் நான்கு ஐந்து நாளைத் தாண்ட வைக்கலாம். நான் பார்த்த வரைக்கும் அந்த நாட்களைத் தாண்டியவன் பெரும்பாலும் தங்குகிறான்.

குளிசை விடயம். வால்வில் இருக்கிற கிருமியை இரத்த ஓட்டத்தால் அடித்துத்தான் அழிக்க வேண்டும், அங்கே குருதிக் குழாய் குறைவு, அதனால்தான் இத்தனை நாள், இத்தனை அளவு. நன்றாகத் தேறிய சிலருக்குக் கடைசிப் பகுதியைக் குளிசையாக மாற்றலாம் என்று டென்மார்க்கில் செய்த ஆய்வொன்று 2019 இல் வந்தது, அதை வைத்து எல்லா நாட்டிலும் டொக்டர்மார் யோசிக்கிறார்கள். ஆனால் அதை அவர் தீர்மானிக்க வேண்டும். நீங்களாகப் பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்கவே வேண்டாம், பிறகு இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகும், எந்த மருந்துக்கு அது சாகும் என்றும் தெரியாது.

இன்னொன்று, இதை அதிகம் பேர் கேட்பதில்லை. முதல் ஒன்றிரண்டு கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து நிலை சீரானதும், மீதி மருந்தை உங்களுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியில் ஏற்றச் சொல்லி மாற்றி அனுப்பும்படி கேட்கலாம். கிளிநொச்சியோ புதுக்குடியிருப்போ என்றால் அம்மா தினமும் சோறு கொண்டுவந்து பக்கத்தில் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் தனியக் கிடந்தால் அவன் ஓடத்தான் செய்வான்.


கனகராயன்குளத்தான் எழுதியது:

கோபிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்க இடம் கிடைக்காமல் அலைகிற வயல்காரச் சனம் எத்தனை இருக்கிறது. அவர்கள் யாரும் விரும்பி அந்த வருத்தத்தைத் தேடவில்லை. இவர்களுக்கு ஆறு கிழமை கட்டில், அதுவும் ஓடிப்போய் ஓடிப்போய் வருகிறவனுக்கு. கிராமத்தில் களவு கூடியதும் இவர்களால்தான். முதலில் அதை விற்கிறவனைப் பிடித்தால் எல்லாம் நிற்கும்.


பழைய_கடல்காரன் எழுதியது:

கனகராயன்குளத்து அண்ணைக்கு: கட்டில் கணக்குத்தான் உங்கள் கவலை என்றால், அரைகுறையாக எழும்பிப் போகிறவன்தான் கட்டிலை அதிகம் பிடிப்பான். ஒரு கிழமை மருந்தோடு ஓடினவன் அடுத்த முறை வால்வு கிழிந்து, நுரையீரலில் சீழ் கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருவான், அதற்குப் பிறகு சத்திர சிகிச்சை. முதல் முறையே தங்க வைத்திருந்தால் ஒரு கட்டிலோடு முடிந்திருக்கும். விற்கிறவனைப் பிடிக்கட்டும், நானும் கைதட்டுகிறேன். 2023 டிசம்பரில் யுக்திய என்ற பொலிஸ் போதைப்பொருள் வேட்டை தொடங்கியபோது என்ன நடந்தது என்று தெரியும்தானே, பெரிய மீன் எத்தனை விழுந்ததோ தெரியாது, ஆனால் என்னோடு திரிந்த பெடியள் கை வீங்கிச் சீழ் பிடித்திருந்தும் ஆஸ்பத்திரி வாசல் பக்கம் போகப் பயந்து வீட்டிலேயே பிளேட்டால் கீறிச் சீழ் எடுத்தார்கள்.

அக்கா, நான் முல்லைத்தீவுக் கரைப் பக்கம். சில வருடமாக எடுப்பதில்லை. எப்படித் தொடங்கியது என்று கேட்டால், 2009 இல் முதுகில் ஏறின ஷெல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, வலைக்குப் போய் வந்தால் இரவில் படுக்க முடியாது. முதலில் வலிக் குளிசை, அது கிடைக்காத நாளில் ஒருவன் இதைக் காட்டினான். எல்லோரும் இப்படித்தான் தொடங்கினார்கள் என்று சொல்லவில்லை, சும்மா தொடங்கினவர்களும் கனக்கப் பேர். ஆனால் வலியோடு இருக்கிறவனிடம் வலியைப் பற்றிக் கேட்காமல் போதையைப் பற்றி மட்டும் கேட்டால் அவன் திரும்பவும் அங்கேதான் போவான்.

நேர்ஸ் சொன்னதில் ஒன்றைக் கூட்டுகிறேன். நரம்பு. தம்பியிடமே கேட்கச் சொல்லுங்கள், எந்தக் கையில் எந்த நரம்பு இன்னும் நன்றாக இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஒரு தாதி இருந்தார், ஆண் தாதி, "தம்பி, எந்த இடம் சரிவரும், நீ சொல்லு" என்றார். அந்தக் கனுலாவை, அதுதான் மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கிற குழாயை, பிடுங்காமல் நான் வைத்திருந்ததற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம் என்று நினைக்கிறேன். கனுலா இருந்தால் அதற்குள்ளேயே ஏற்றிவிடுவான் என்று வாட்டில் பயப்படுவார்கள், பயப்படத்தான் செய்வார்கள், அப்படிச் செய்தவர்களும் உண்டு. ஆனால் உடம்பு கேட்பதற்கு மருந்து கொடுத்திருந்தால் அதற்குத் தேவை வராது.

இனி முக்கியமானது, தயவுசெய்து இதை அம்மாவுக்கும் சொல்லுங்கள். ஆறு கிழமை எடுக்காமல் இருந்தால் உடம்பு பழைய அளவை மறந்துவிடும். துண்டு வெட்டி வந்த கிழமையில் ஒரு நாள் மனம் கெட்டு முன்பு போட்ட அதே அளவைப் போட்டான் என்றால் மூச்சு நின்றுவிடும். சிறையால் வந்தவன், முகாமால் வந்தவன், ஆஸ்பத்திரியால் வந்தவன், மூன்று பேருக்கும் இதே கதிதான். என் கூட்டாளி ஒருவன் அப்படித்தான் போனான், வீட்டில் எல்லோரும் அவன் திருந்தி வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த கிழமை. கந்தக்காடு பற்றி நீங்கள் சொன்னது சரி, பூட்டி வைத்தால் பூட்டு இருக்கிற மட்டும்தான் நிற்கும், வெளியே வந்த முதல் கிழமைக்கு அங்கே யாரும் ஆயத்தப்படுத்துவதில்லை.

எழுப்பினால் எழும்பாமல், குறட்டை மாதிரி ஒரு சத்தம், உதடு நீலம், கண்மணி ஊசிமுனை மாதிரிச் சிறுத்திருந்தால் 1990 க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. சரித்துப் படுக்க வையுங்கள், சத்தி எடுத்தால் மூச்சுக்குள் போகக் கூடாது. மூச்சே இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவது, தேசிக்காய் தேய்ப்பது, அதெல்லாம் நேரத்தைத் தின்னும் வேலை.


விசுவமடு_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்த "துண்டு வெட்டின கிழமை" விடயம் எனக்கு யாரும் சொல்லவே இல்லை, வாசித்துவிட்டுக் கை நடுங்கிவிட்டது. பொலிஸ் கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. அவன் வாய் திறக்காமல் இருப்பதே அதனால்தான்.


இரவு_டியூட்டி எழுதியது:

பழகிவிட்டேன், எடுக்கிறேன் என்று சிகிச்சைக்காக டொக்டரிடம் சொல்வதைப் பொலிஸுக்குக் கொண்டுபோவது வாட்டின் வேலை இல்லை, நான் வேலை செய்த இடங்களில் அப்படி நடந்ததும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் வாசலில் பொலிஸ் காவலரண் இருக்கும், அது விபத்து, அடிதடி, வெட்டுக்குத்துக் கேஸ்களுக்கு. ஆனால் பையிலோ தலையணைக்குக் கீழேயோ சாமான் அகப்பட்டால் அது வேறு கதை, பக்கத்துக் கட்டில்காரரே சொல்லிக் கொடுத்துவிடுவார். ஆகவே ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று தம்பிக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். பார்க்க வருகிற கூட்டாளிமாரிலும் ஒரு கண் வையுங்கள்.


ஸ்காபரோ_தாதி எழுதியது:

நான் பிறந்தது மல்லாவியில், இப்போது ரொறன்ரோவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. இங்கே எல்லாம் சரி என்று காட்ட எழுதவில்லை, இங்கே தெருவில் ஹெரோயின் போய் அதைவிடப் பலமான ஃபென்டனில் வந்து சனம் செத்துக்கொண்டிருக்கிறது, அந்த வகையில் கனடா யாருக்கும் முன்மாதிரி இல்லை. ஆனால் வாட்டுக்குள் செய்கிற சில வேலைகள் காசு அதிகம் கேட்காதவை, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, உடம்பு கேட்பதை அளந்து எழுதுகிறோம். பதினொரு விடயம் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது: நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி அளவு, கொட்டாவி, மயிர்க்கூச்சு, கை நடுக்கம், வயிறு, மூட்டு வலி, மூக்கு ஒழுகல், பதற்றம், அமர முடியாமை. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினால் ஒரு எண் வரும். காய்ச்சலை அளந்து எழுதுகிற மாதிரி இதையும் சில மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழுதி வைத்தால், இரவு டொக்டரிடம் "சேர், இவன் சும்மா கத்துகிறான்" என்று சொல்லத் தேவையில்லை, எண்ணைச் சொல்லலாம். பேனாவும் மணிக்கூடும் போதும், மல்லாவி ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். மெதடோன் இல்லாத இடத்திலும் இதற்குப் பயன் உண்டு, ஏனென்றால் எண்ணாக எழுதிய வேதனைக்கு மருந்து எழுதுவார்கள்.

இரண்டு, மெதடோனை வாட்டிலேயே தொடங்கி, துண்டு வெட்டும் முன்னமே வெளியே எந்தக் கிளினிக், எந்தப் பாமசி, எந்த நாள் என்று போன் அடித்து உறுதிப்படுத்திவிட்டுத்தான் அனுப்புவோம். வாட்டில் தொடங்கி வெளியே தொடராவிட்டால் அது பாதிக் கிணறு தாண்டிய கதைதான். மூன்று, மூச்சு நிற்பதை மாற்றுகிற நலோக்சோன். ஒன்டாரியோவில் 2016 இலிருந்து பாமசியில் கேட்டால் இலவசமாகக் கையில் தருகிறார்கள், வீட்டுக்காரருக்கும் பழக்கிவிடுவார்கள். இலங்கையில் அது அவசரப் பிரிவு அலுமாரிக்குள் இருக்கிற ஊசி, வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை. விசுவமடுவிலிருந்து அவசரப் பிரிவுக்கு எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். அது வீட்டில் இருக்க வேண்டிய மருந்து. இதை யாராவது மாகாண சுகாதாரப் பக்கம் கேட்டு எழுத வேண்டும், நான் வெளியில் இருந்து எழுதினால் "வெளிநாட்டுக்காரர்" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இந்தியாவைப் பார்த்தாலும் போதும். மணிப்பூர், நாகாலாந்து பக்கம் ஊசியால் எச்.ஐ.வி. பரவியதைப் பார்த்த பிறகுதான் அங்கே புதிய ஊசி கொடுத்துப் பழையதை வாங்குவதும், புப்ரெநோர்ஃபின் கொடுப்பதும் அரசாங்கத் திட்டமாகவே வந்தது. வன்னியில் அந்த அளவுக்குப் பரவும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.


கனகராயன்குளத்தான் எழுதியது:

ஊசியையும் நாங்களே வாங்கிக் கொடுக்க வேண்டுமா? சரி, கட்டில் கணக்கை நான் ஒத்துக்கொள்கிறேன், கடல்காரத் தம்பி சொன்னது விளங்குகிறது. ஆனால் ஊசி கொடுப்பது என்றால் எங்கள் ஊர்ச் சனம் ஒத்துக்கொள்ளாது, கோயில் கூட்டத்தில் இதைக் கதைக்கவே முடியாது.


சைக்கிள்_பிஎச்ஐ எழுதியது:

கோயில் கூட்டத்தில் கதைக்க முடியாதுதான். ஆனால் குளக்கட்டிலும் பாழடைந்த வீட்டிலும் பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னாலும் கிடக்கிற ஊசியைப் பொறுக்குகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகன் நான், அண்ணை. ஊசி ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. ஒருவனின் ஊசி நாலு பேருக்குப் போகிறதா, ஒருவனோடு முடிகிறதா என்பதுதான் கேள்வி. பாமசியில் ஊசி கேட்டால் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார்கள், அவன் அதற்காக நிறுத்துவதில்லை, பக்கத்திலிருப்பவனுடையதை வாங்கிப் போடுகிறான்.

பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், நிலத்தில் ஊசி கண்டால் தொட வேண்டாம். குத்திவிட்டால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், நசித்து இரத்தம் எடுக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பயன். நாளைக்குப் பார்ப்போம் என்று விட வேண்டாம்.

அக்காவின் "பிறகு யார் பார்ப்பது" என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் ஓட்டை அங்கேதான் பெரியது. தம்பிக்குத் துண்டு வெட்டும்போது இதய கிளினிக்குக்கு ஒரு திகதி, மனநல கிளினிக்குக்கு இன்னொரு திகதி, பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு இரத்தம் பார்க்க வேறொரு திகதி கிடைக்கும், மூன்றும் மூன்று ஊரில். விசுவமடுவிலிருந்து விடியப்புறம் பஸ் பிடித்துப் பரந்தனில் மாறி யாழ்ப்பாணம் போய் நம்பர் எடுத்து இருந்தால் அந்த நாள் கூலி போச்சு. இரண்டாம் திகதிக்குப் போவான், மூன்றாவதுக்குப் போக மாட்டான். கொப்பியில் "வரவில்லை" என்று விழும்.

இதைச் சமாளிக்க இப்போது இருக்கிற ஆட்களை வைத்தே சிலது செய்யலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டத்திலும் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்து சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு வெளிக் கிளினிக் போகிறார்கள். எந்த நாள் உங்கள் பக்கம் வருகிறார்கள் என்று கேட்டு அதற்குப் போடச் சொல்லுங்கள், யாழ்ப்பாணத்துக்குப் போட விட வேண்டாம். இரத்தப் பரிசோதனையை வாட்டிலேயே இருக்கும்போது முடித்துவிடச் சொல்லுங்கள், எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி மூன்றும். ஆறு கிழமை கட்டிலில் கிடக்கிறவனுக்கு வெளியே வேறு திகதி எதற்கு? சி வந்திருந்தாலும் பயப்படத் தேவையில்லை, இப்போது இரண்டு மூன்று மாதக் குளிசைச் சிகிச்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுக்கச் சுகமாகிறது. பி க்குத் தடுப்பூசி இருக்கிறது, அதையும் வாட்டிலேயே தொடங்கலாம்.

நான் கேட்பது ஒன்றுதான். துண்டு வெட்டும்போது ஒரு கடிதம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் வரட்டும், நோயாளி சம்மதித்தால் மட்டும். காசநோய்க்கு வீடு தேடிப் போய் மருந்து விழுங்குவதைப் பார்க்கிற ஒழுங்கு இந்த நாட்டில் இருக்கிறது, அது நடக்கிறது, யாரும் அதைப் பெரிய விடயமாக எடுப்பதில்லை. அதே ஆட்கள் இந்தப் பெடியளின் வீட்டுக்கும் கிழமைக்கு ஒரு தரம் போய், காய்ச்சல் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, திரும்பத் தொடங்கிவிட்டானா என்று கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சீருடையோடு போகக் கூடாது, அதுவும் இரண்டு பேராகப் போனால் பக்கத்து வீடுகளில் எட்டிப் பார்ப்பார்கள். நான் போகிற வீடுகளுக்கு டெங்குக் குடம்பி பார்க்கிற சாட்டில்தான் போவேன்.


பழைய_கடல்காரன் எழுதியது:

டெங்குச் சாட்டு, நல்லது. எனக்கும் ஒருவர் அப்படித்தான் வந்தார், நீங்கள்தானோ தெரியாது.

அக்காவுக்கு இன்னொன்று. 1926 என்று மனநலத்துக்கு ஒரு இலக்கம் இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள், அவன் கதைக்காவிட்டாலும் நீங்கள் கதைக்கலாம். வீட்டுக்காரருக்கும் ஒரு ஆள் தேவை. என் மனிசி எத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தா என்று இப்போது யோசித்தால்தான் விளங்குகிறது. திரும்ப ஒரு தரம் எடுத்துவிட்டான் என்று தெரிந்தால் வீட்டை விட்டுத் துரத்த வேண்டாம், தனிய இருந்து எடுக்கிறவன்தான் சாகிறான்.


விசுவமடு_அக்கா எழுதியது:

நேற்று அவனைத் திரும்பச் சேர்த்தோம், வேறு ஆஸ்பத்திரி. நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் டொக்டருக்கு முன்னால் சொன்னேன், அவன் என்னை முறைத்துப் பார்த்தான், பிறகு அவனே மீதியைச் சொன்னான். டொக்டர் இளம் ஆள், ஒன்றும் ஏசவில்லை, கடைசியாக எடுத்த நேரத்தை எழுதிக்கொண்டு இரவுக்கு மருந்து போட்டார். நேற்று இரவு சத்தி எடுத்தானாம், ஆனால் கட்டிலில்தான் இருக்கிறான். மனநல டொக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்கிறார்கள்.

இரண்டு கேள்வி. ஆறு கிழமை முடிந்த பிறகு திரும்பவும் அந்தக் கிருமி வருமா? மற்றது, வீட்டில் என் மூன்று வயது மகள் இருக்கிறாள், அவன் பாவித்த கோப்பை, துவாய் எல்லாம் வேறாக்க வேண்டுமா? அம்மா ஏற்கெனவே தனித் தட்டு எடுத்து வைத்துவிட்டா.


இரவு_டியூட்டி எழுதியது:

நல்லது அக்கா. எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி எதுவும் தட்டு, கோப்பை, துவாய் ஒன்றாலும் பரவாது, கட்டிப் பிடித்தாலும் பரவாது. அம்மாவிடம் அந்தத் தட்டைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லுங்கள், அவன் அதைக் கண்டால் அன்றைக்கே வெளியே போவான். சவர அலகு, பல் தூரிகை, நகம் வெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். மகளுக்கு ஈரல் அழற்சி பி தடுப்பூசி குழந்தையிலேயே போட்டிருப்பார்கள், அவளுடைய வளர்ச்சி அட்டையில் பாருங்கள்.

திரும்ப வருமா என்றால், வரலாம். ஒரு தரம் பிடித்த வால்வில் இரண்டாம் தரம் பிடிப்பது சுலபம். அதனால் இனிக் காய்ச்சல் வந்தால் அது சும்மா காய்ச்சல் இல்லை, பரசிட்டமோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே போய், "இதய வால்வில் கிருமி வந்தவன், முதலில் இரத்தம் எடுங்கோ, பிறகு மருந்து போடுங்கோ" என்று சொல்ல வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் பல் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் ஒரு தரம் அன்டிபயோட்டிக் கொடுப்பார்கள். இந்த இரண்டையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதித் தரச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள், உங்கள் வாயால் சொல்வதைவிட அது வேலை செய்யும். எக்கோத் துண்டையும் துண்டு வெட்டும் கடிதத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள், இரண்டாம் ஆஸ்பத்திரியில் முதல் ஆஸ்பத்திரியின் கடிதம் கிடைப்பது அபூர்வம்.

மனநல டொக்டர் திங்கட்கிழமை வருவார் என்றால், காலை ரவுண்ட்ஸ் தொடங்கும் முன்னமே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முடிந்த பிறகு அவரைப் பிடிப்பது கஷ்டம்.